சப்பாத்திக் கட்டையால் ஒரு இயந்திரப் பெண்: நான்காவது வாரம்

'மெட்ரோபோலிஸ்' படத்தில் வரும் இயந்திரப் பெண்ணின் தலையைச் செய்துகொண்டிருக்கிறேன். ஃபிரிட்ஸ் லாங் இயக்கி, 1927இல் ஜெர்மனியில் வெளிவந்த மௌனப் படம். அந்த உருவத்தின் பொம்மைகளும் சிலைகளும் ரெசினில் விற்கக் கிடைக்கின்றன. வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் அதை வடித்த சிற்பி வால்டர் ஷூல்ட்சே-மிட்டெண்டோர்ஃப் தன் செய்முறையைச் சொல்லியிருப்பதைப் படித்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை.

திரையில் பார்த்தால் உலோகம் என்றே தோன்றும். ஆனால் அது உலோகமே இல்லை. நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடம்பை முழுதாக பிளாஸ்டரில் அச்செடுத்திருக்கிறார்கள். 1925 மே மாதம் படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு வயது 19. சாக்குத் துணியைக் கவசம் போலத் துண்டு துண்டாக வெட்டி, 'பிளாஸ்டிக் வுட்' என்ற மரப் புட்டியை அதன்மேல் 2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமையலறை உருட்டுக்கட்டையால் தேய்த்து, செருப்பு தைப்பவர் அச்சுக்கட்டையில் தோலைப் போர்த்துவது போல அந்தப் பிளாஸ்டர் உடம்பின்மேல் போர்த்தினார்கள். இறுகியதும் இழைத்து, வெள்ளித் தூள் கலந்த வார்னிஷைத் தெளித்தார்கள். உருட்டுக்கட்டை என்று படித்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது: இது நம்மாலும் முடியும்.

விக் மாட்டும் தெர்மாகோல் தலை ஒன்று வாங்கி, பசை ஒட்டாமலிருக்க முழுக்கப் பேக்கிங் டேப் சுற்றினேன். தச்சுப் பட்டறையிலிருந்து வாங்கிவந்த மரத்தூளை மாவு சல்லடையில் சலித்து, இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு மரப்பசை சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவுப் பதம் வருகிறது. வெட்டி விரித்த இரண்டு பால் கவருக்கு நடுவே வைத்து, இருபுறமும் 2 மி.மீ. அட்டைப் பட்டை போட்டு உருட்டினால் கனம் எங்கும் ஒரே அளவாக அமையும். அப்புறம் சாக்குத் துணியோடு சேர்த்து ஒரே அழுத்து. அம்மா வந்து பார்த்துவிட்டு, "கட்டையை நீயே வச்சுக்கோப்பா, நான் வேற வாங்கிக்கிறேன்" என்றார்.

இரண்டாவது வாரம் மூக்கில் தவறு நடந்தது. 6 மி.மீ. கனத்தை ஒரேயடியாக அப்பிவிட்டேன். இரண்டு நாளில் மூக்குத் தண்டிலிருந்து கன்னம் வரை பென்சில் முனை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நின்றிருக்கிறது. பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மொத்தமா அப்பாதீங்க தம்பி. மெல்லிசா வச்சு நிழல்ல காய விடுங்க, மறுபடி வைங்க" என்றார். சரி என்று மூக்கை முழுக்கச் சுரண்டி எடுத்து, மூன்று அடுக்காக மறுபடி வைத்தேன். ஐந்து நாள் போனது. இப்போது ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாவது வாரம் முழுக்கக் கண்ணுக்கே சரியாகப் போய்விட்டது. அந்த முகத்தில் எந்த உணர்ச்சியும் கிடையாது. ஆனால் அது வெறும் முகமும் இல்லை, எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல் இருக்கும். நான் செய்த முகத்தில் மேலிமை விளிம்பு ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. 220ஆம் நம்பர் உப்புத்தாளைத் தீக்குச்சியில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். நள்ளிரவு தாண்டி, மேஜை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது கோபம் போயிருந்தது. அந்த ஐந்து நிமிடம் எனக்குப் போதும்.

நிறத்தில் ஒரு குழப்பம் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் கடைச் சிலைகள் பொன்னிறத்திலும் வருகின்றன. பார்க்க அழகுதான், ஆனால் சிற்பி பூசியது வெள்ளி என்பதால் நானும் வெள்ளியே எடுத்தேன். படத்தில் பயன்படுத்திய அசல் கவசம் இன்று இல்லை. பாரிஸில் உள்ள சினிமாத்தெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் இருப்பது அவரே பிற்காலத்தில் மறுபடி செய்து கொடுத்தது. அதே படத்தின் அசல் சுவரொட்டி ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்குப் போனது. தாளுக்கு அவ்வளவு என்றால், அந்தக் கவசம் மிஞ்சியிருந்தால் என்ன விலை போயிருக்குமோ!

நேற்று மொட்டைமாடி நிழலில் முதல் பூச்சு தெளித்தேன். நெற்றிப் பட்டையில் சாக்கின் இழை லேசாகத் தெரிகிறது. 400ஆம் நம்பர் தாளில் தேய்த்துவிட்டு இரண்டாவது பூச்சு. காதை மூடும் வட்டங்களை ஊறுகாய் பாட்டில் மூடியில் அச்செடுத்திருக்கிறேன். இடது பக்கம் ஒட்டியாகிவிட்டது. வலது பக்கத்து வட்டம் இன்னும் காயவில்லை.