சேற்றுக்கு வாங்கிய டயர்

காற்றாலைப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் வண்டிகளைக் கவனிக்கும் வேலை எனக்கு. ஒன்பது வருடம் ஆகிறது. திருநெல்வேலியில் அலுவலகம், மொத்தம் பதினோரு வண்டி, அதில் ஏழு ஃபோர் வீல் டிரைவ் கேம்பர், அதாவது ஆளும் சுமையும் ஏற்றும் வண்டி. டீசல் கணக்கு, சர்வீஸ், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இத்தனையிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது டயர். அதிகம் தவறியதும் அதில்தான்.

எங்கள் ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே வண்டி ஒரே வாரத்தில் மூன்று விதமான மண்ணைப் பார்த்துவிடும். கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல். திசையன்விளை, இட்டமொழி பக்கம் போனால் சிவப்புத் தேரி மணல். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் சரளையும் கூர்க்கல்லும். இவற்றுக்கு நடுவே நான்குவழிச் சாலையில் மணிக்கணக்கான ஓட்டம். காற்று வைகாசியில் பிடித்துப் புரட்டாசி வரை அடிக்கும், அந்த மாதங்களில் ஒரு காற்றாலை மிஷின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் பணம் என்பதால் பெரிய வேலை எதையும் அப்போது தொட மாட்டார்கள். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது, போல்ட் முறுக்குவது, இறக்கையைச் சோதிப்பது எல்லாம் காற்று ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகைக்கு என்று ஒதுக்கி வைத்திருப்போம். வடகிழக்குப் பருவமழை இறங்கிக் கரிசல் இளகுவதும் அதே மாதங்களில்தான். ஆள், ஆயில் பேரல், கருவிப்பெட்டி என்று வண்டி கனமாகப் போகும் காலமும், மண் கனம் தாங்காத காலமும் எங்களுக்கு ஒன்றாகவே வரும்.

கரிசலில் வண்டி ஓட்டாதவர்களுக்கு அந்தச் சேற்றை விளக்குவது கஷ்டம். காய்ந்து கிடக்கும்போது சிமென்ட் தளம் மாதிரி இருக்கும். ஒரு நல்ல மழை போதும், ஊதி, பிசினாகிவிடும். டயரின் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள், இடைவெளியில் ஏறி உட்கார்ந்தால் இறங்காது. இடைவெளி முழுக்க அடைத்துவிட்டால் புது டயரும் மொட்டை டயர்தான், ஃபோர் வீல் போட்டிருந்தாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும்.

2019 கார்த்திகையில் கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு வண்டி அப்படித்தான் மாட்டியது. தார்ச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஐந்து பேர், சாயங்காலம் நாலு மணி. பக்கத்து ஊரில் சொல்லி டிராக்டர் வந்து இழுக்கும்போது இரவு ஒன்பது ஆகிவிட்டது. மறுநாள் மேலாளர் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாரமே ஏழு வண்டிக்கும் எம்.டி. டயர், அதாவது சேற்றுக்கென்றே செய்யும் டயர், வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்களிடம் மூத்த டிரைவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அண்ணாச்சி. அந்தக் காலத்தில் 6.00-16 நைலான் டயர் போட்ட ஜீப்பில் கரிசல்காட்டுக்குள் போய் வந்தவர். டயர் வந்து இறங்கிய அன்று அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், சேத்துல நிக்கது ரெண்டு மாசம். மிச்ச பத்து மாசமும் தார் ரோட்டுலல்லா ஓடுதோம்" என்றார். ராத்திரி ஒன்பது மணி வரை சேற்றில் நின்ற ஐந்து பேரின் முகம் மனதில் இருந்ததால் நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

எம்.டி. டயர் சேற்றில் தன் வேலையைச் செய்தது, அதைச் சொல்லியாக வேண்டும். பட்டன் பெரிது, இடைவெளி அகலம், கொஞ்சம் வேகமாகச் சுழற்றினால் ஒட்டிய மண்ணைத் தானே உதறிவிடும். அந்த மழைக்காலம் முழுக்க டிராக்டர் கூப்பிடவில்லை. அப்புறம் ஆனி வந்தது. பணகுடி தாண்டி மலைப்பக்கமிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், முன்னால் போன லாரி பிரேக் போட, எங்கள் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. டிரைவர் சட்டென்று இடப்பக்க மண்ணில் இறக்கித் தப்பித்தார். யாருக்கும் அடி இல்லை. அன்று அவர் போனில் பேசிய குரல் இப்போதும் எனக்கு மறக்கவில்லை.

காரணம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தார்ச் சாலைக்கான எச்.டி., எல்லாத் தரைக்கும் பொதுவான ஏ.டி. டயர்களின் பட்டன் மேல் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஈரத் தார்மேல் தண்ணீர்ப் படலத்தை உடைத்துப் பிடிமானம் தருவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. எம்.டி.யில் பட்டன் கட்டி கட்டியாக இருக்கும், அந்த வெட்டுகள் குறைவு, போதாததற்கு இடைவெளி அதிகம் என்பதால் சாலையைத் தொடும் ரப்பரும் குறைவு. அந்த டயரில் எந்தக் கோளாறும் இல்லை. சேற்றுக்காகச் செய்ததை நான் நான்குவழிச் சாலையில் ஓடவிட்டேன், அவ்வளவுதான்.

தேரியில் இன்னொரு பாடம். அங்கே பட்டன் பெரிதாக இருந்தால் மண்வெட்டி போலத் தோண்டிக்கொண்டு இறங்கும், நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆக்சில் வரை புதைந்துவிடும். கொஞ்சம் தேய்ந்த ஏ.டி. டயர் அதே மணலில் மிதந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மணலுக்கு முக்கியம் காற்றைக் குறைப்பது. 32 பி.எஸ்.ஐ.-யில் இருப்பதை 18-க்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும், எடை பரவும். இதெல்லாம் எங்கள் டிரைவர்களுக்கு முன்பே தெரியும். இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றுவதற்கு வண்டியில் எதுவும் இல்லாததுதான் பிரச்சினை. பஞ்சர் கடை வரைக்கும் பதினாலு கிலோமீட்டர் அந்தக் குறைந்த காற்றிலேயே வருவார்கள், அதுவும் ஆயில் பேரலோடு. சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளே நூல் அறுந்திருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து வேறெங்கோ வெடிக்கும்போது டிரைவரைக் குறை சொல்வோம். டயருக்கு லட்சங்களில் பில் போட்ட நான், சில ஆயிரம் ரூபாய் பொறுமான சின்ன கம்ப்ரசரை அதோடு சேர்த்துக் கேட்கவே இல்லை.

பிறகு ஒரு வேலை செய்தேன். இரண்டு வருடத்தில் கழித்துப்போட்ட டயர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எதனால் செத்தது என்று எழுதினேன். பதினாலு டயர். பட்டன் தேய்ந்து முடிந்தவை ஐந்துதான். மீதி ஒன்பதும் சைடுவால். அதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சீமைக்கருவேலத் தூர். மிஷினுக்குப் போகும் பாதையில் மண்டிய கருவேலத்தை அரிவாளால் சாய்வாக வெட்டிப் போட்டிருப்பார்கள், தரைக்கு மேல் அரை அடி நிற்கும் தூர் ஈட்டிமுனை மாதிரி இருக்கும். முள் ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம், தூர் சைடுவாலைக் கிழித்தால் அந்த டயர் முடிந்தது. இத்தனை நாளும் கடையில் பட்டனைத்தான் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன், எங்கள் பணம் போனது பக்கச்சுவரில்.

இப்போது டயர் கடைக்குப் போனால் முதலில் சைடுவாலில் இருக்கும் எழுத்தைப் படிக்கிறேன். ட்ரெட்டில், அதாவது பட்டன் இருக்கும் பகுதியில், எத்தனை அடுக்கு, சைடுவாலில் எத்தனை அடுக்கு என்று பல டயர்களில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது சுமை வண்டிக்கான கட்டுமானம், தடிமன் கூட, எடையும் கூட. அதே கனத்தைத் தாங்க அதற்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். இது தெரியாமல் பழைய அளவே வைத்துப் பல நாள் ஓட்டியிருக்கிறோம். அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக்கானது. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். கடைசியில் ஒரு நான்கு இலக்க எண், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடைக்காரர் தள்ளுபடி அதிகம் சொன்னால் அந்த எண்ணை முதலில் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, இது எங்கள் அலுவலகப் பழக்கத்தோடு நான் நெடுநாள் சண்டை போட்ட விஷயம். பட்ஜெட்டை ஒட்டி இரண்டிரண்டு டயராக மாற்றுவார்கள். முன்னால் புதுசு, பின்னால் மூன்று மில்லிமீட்டர் பட்டன் மிச்சமிருக்கும் பழசு. புதுசில் பட்டன் ஒன்பது, பத்து மில்லிமீட்டர் இருந்தால் விட்டத்தில் 12 முதல் 14 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். இரண்டு சக்கர ஓட்டத்தில் பரவாயில்லை. எங்கள் வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இறுகப் பூட்டியது போல ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லாமல் கியருக்குள் முறுக்கேறும், லிவரை எடுக்க வராமல் இறுகிக்கொள்ளும். இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று போன பிறகுதான் நான்கும் சேர்த்து வாங்க அனுமதி கிடைத்தது. ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்து ஐந்தையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம்.

சரி, கடைசியில் என்ன போட்டோம்? ஏழு வண்டிக்கும் எல்.டி. ரக ஏ.டி., சைடுவால் மூன்றடுக்கு. கரிசலுக்கு அதிகம் போகும் இரண்டு வண்டிக்கு மட்டும் தனி ரிம்மில் எம்.டி. ஒரு செட், அதுவும் அகலம் குறைந்த அளவில். அந்த ஒல்லி அளவு அண்ணாச்சி சொன்னது. மேலே மட்டும் நனைந்திருந்தால் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் காய்ந்த மண்ணைப் பிடித்துவிடும், அகல டயர் மேலேயே நின்று வழுக்கும் என்று அவர் சொன்னது எங்கள் பாதைகளில் சரியாகவே வந்தது. ஐப்பசி பிறந்ததும் மாட்டி, மார்கழி நடுவில் கழற்றிவிடுவோம். அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அந்தத் தேதியை அவரிடம் போன் போட்டுக் கேட்டுத்தான் வைக்கிறேன்.

டயர் ஆர்டர் போடும் முன் ஒரு வாரம் டிரைவர்களோடு வண்டியில் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். போன மாதம் புதிதாக வந்த பையனோடு தேரிக்குப் போனேன். மணல் தொடங்கும் இடத்தில் அவனே இறங்கி, கேஜ் வைத்து நான்கிலும் 18-க்கு இறக்கினான். வேலை முடிந்து திரும்பும்போது தார் விளிம்பில் நிறுத்தி கம்ப்ரசரை மாட்டினான். நான்கு டயரும் ஏற இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. உள்ளே இருந்த டெக்னீசியன்கள் பசிக்கிறது என்று அவசரப்படுத்தினார்கள். அவன் கேஜைப் பார்த்துக்கொண்டே, "ஒரு டயர்தாண்ணே பாக்கி" என்று சொல்லிவிட்டுக் கடைசி டயருக்குக் குனிந்தான்.