எதுல சார் மாட்டுறது?

உயரத்திலிருந்து விழாமல் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட் போட்டிருந்தார். கொக்கி இரண்டும் இடுப்பிலேயே தொங்கின. ஸ்லாப் விளிம்பில் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தவரிடம், "மாட்டுங்கண்ணே" என்றேன். சைட்டில் பாதுகாப்பைப் பார்ப்பது என் வேலை. நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எதுல சார் மாட்டுறது?"

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்பது இன்னும் பிடிபடவில்லை. கொக்கியை மாட்ட இழுத்துக் கட்டும் கயிறான லைஃப்லைன் கேட்டு எழுதியிருந்தேன், வரவில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பியில் மாட்டினால் கொக்கி மேலாக உருவிக்கொண்டு வந்துவிடும். அது அவருக்கும் தெரியும். கீழே இறங்கச் சொன்னேன். கூலி, கட்டும் கம்பிக்கு டன் கணக்கு, அதனால் நஷ்டம் அவருக்குத்தான். வேறென்ன செய்திருக்க முடியும்? விட்டிருந்து அவர் விழுந்திருந்தால்? அறிக்கையில் 'பெல்ட் மாட்டவில்லை' என்றுதான் பதிவானது. அது பொய்யில்லை. முழுக்க உண்மை என்றும் சொல்ல வரவில்லை.

பாதுகாப்புச் சாமான்களை ஏன் போடுவதில்லை என்று கேட்டால் ஆபீசில் ஒரே பதில்தான்: அலட்சியம். வியர்வையில் கண்ணாடி பனிமூட்டம் போட்டுவிடும், கம்பியின் முடிச்சே தெரியாது. காது அடைப்பானைச் செருகினால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் அமுங்கிப்போகும். தாடைப்பட்டி இல்லாத ஹெல்மெட் குனியும்போதெல்லாம் கழன்று விழும். கையுறை போடு என்கிற நாங்களே, சுழலும் டிரில் பக்கம் போகும்போது கழற்று என்கிறோம், துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால். இதில் எது அலட்சியம்? ஆனால் லைஃப்லைன் கட்டிக் கொடுத்த இடத்திலும் மாட்டாதவர்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் விழாததே அவர்களுக்குப் பெரிய தைரியம். அவர்களுக்காக என்னால் வாதாட முடியாது.

அப்புறம் இந்தக் கணக்கு. பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு, லேன்யார்ட், 1.8 மீட்டர். அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். ஆள் உயரம், கொஞ்சம் இடைவெளி எல்லாம் சேர்த்தால் மாட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். அந்த ஸ்லாப் 4 மீட்டர் உயரம்தான். காலடியில் மாட்ட உறுதியான இடம் இருந்து மாட்டியிருந்தாலும், விழுந்தால் தரையில் மோதியிருப்பார். அங்கே முதலில் தேவைப்பட்டது விளிம்புத் தடுப்பு. பெல்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. இதை அன்று அவரிடம் விளக்கியிருந்தால் பெல்ட்டையே கழற்றி எறிந்திருப்பார், அடுத்த சைட்டில் 20 மீட்டர் உயரத்திலும் போட்டிருக்க மாட்டார். அதனால் சொல்லாமல் விட்டதே நல்லது என்று சில நேரம் தோன்றும். அவருக்கு அது ஏற்கனவே தெரிந்திருக்குமோ என்றும் தோன்றும்.