69 கமேரோ, 350 வி8: கேம் ஷாஃப்ட் மாற்றும் வேலை

வண்டி செவர்லேயின் 1969 கமேரோ எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்). எல்48 வகை 350 (கன அங்குல) இன்ஜின், அன்றைய கணக்கில் 300 குதிரைத்திறன், குவாட்ராஜெட் கார்புரேட்டர். வின் நம்பரில் (வண்டியின் அடையாள எண்) 124379-க்குப் பிறகு 'என்' வருகிறது. அதாவது ஒஹாயோ நார்வுட் ஆலையில் கட்டியது. 'எல்' என்றிருந்தால் கலிபோர்னியாவின் வான் நைஸ். அந்த நம்பரை வைத்து வி8 கூபே என்று சொல்லலாம், எஸ்எஸ் என்று சொல்ல முடியாது. பிளாக்கின் முன்புறம், வலது ஹெட்டை ஒட்டிய பட்டையில் அடித்திருக்கும் இன்ஜின் குறியீடு அதனால்தான் இந்த வண்டிக்காரர்களுக்கு உயிர். லேத்தில் டெக்கை (ஹெட் உட்காரும் முகத்தை) சீவினால் அது போய்விடும். இந்த வேலைக்குச் சீவத் தேவையில்லை. வேறு எதற்காவது பிளாக் லேத்துக்குப் போனால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

நோய்: ஐடிலில் டிக் டிக் சத்தம், கார்புரேட்டர் வழியாக 'பட்' என்று திருப்பி அடிப்பது. கேமின் மேடான பகுதி லோப். அது லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராடையும் புஷ்ராட் ராக்கரையும் தள்ளி வால்வைத் திறக்கும். ராக்கரைக் கழற்றி, புஷ்ராட் நுனியில் டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு லோபையும் அளந்தோம். ஒரிஜினல் கேமில் இன்டேக் தூக்கல் 0.260 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.273. ஒரு எக்ஸாஸ்ட் லோபில் 0.19தான் வந்தது. எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் இன்டேக் திறந்ததும் மேலே பாய்கிறது. கார்புரேட்டர் மேல் பழி.

ரேடியேட்டரை எடுத்தபின் கேம் முன்பக்கமாக வரும். அதற்குமுன் பெட்ரோல் பம்பையும் அதன் புஷ்ராடையும் உருவியாக வேண்டும், இல்லையென்றால் கேம் நகராது. மூன்று நீளமான 5/16-18 போல்டுகளை முகப்பில் முறுக்கினால் நல்ல கைப்பிடி. பேரிங்கில் உரசாமல் நிதானமாக இழுக்கலாம். பழைய கேம் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) அலுமினியம், பல் நைலான். பல் உடைந்திருந்தால் துண்டுகள் ஆயில் பேனில்தான் கிடக்கும், ஆயிலை உறிஞ்சும் பிக்கப் வலையை அடைக்கும். பேனை இறக்காமல் மூடவே கூடாது. இரட்டை ரோலர் செயின் போட்டு, ஸ்ப்ராக்கெட் போல்டுகளுக்கு 20 அடி-பவுண்டு முறுக்கு.

பலர் சறுக்கும் இடம் அடுத்து. இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்கும்போது வெடிக்கத் தயாராக இருப்பது 6-ஆம் சிலிண்டர், 1 அல்ல. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றியபின் டிஸ்ட்ரிபியூட்டரை (தீப்பொறியைப் பங்கிடும் கருவி) இறக்குங்கள். வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2, கடிகாரச் சுற்று. 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து வெடிப்பவை. அவற்றின் வயர்களை ஒட்டி ஓடவிடாதீர்கள்.

கேம் புதிதென்றால் பதினாறு லிஃப்டரும் புதிது. பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் போடுவது காசைக் கரியாக்குவது. லிஃப்டரின் அடிமுகம் மெல்லிய குவிவு, லோபில் மெல்லிய சரிவு. இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. சுழலாத லிஃப்டர் லோபைத் தின்றுவிடும். லோபிலும் அடிமுகத்திலும் மாலிப்டினம் பேஸ்ட், பக்கவாட்டில் வெறும் ஆயில். இன்டேக் மேனிஃபோல்டை மூடுமுன் லிஃப்டர் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வேண்டும். எங்களுக்கு ஒன்று திரும்பவில்லை: துளையில் வார்னிஷ் படிவு. சால்வென்ட் தோய்த்த நைலான் பேடால் தேய்த்ததும் சரியானது.

புஷ்ராடின் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து ராக்கர் நட்டுக்கு அரைச் சுற்று. கம்பெனி கணக்கு ஒரு சுற்று, அரையே போதும்.

ஆயில் ஃபில்டரோடு 5 குவார்ட். இன்றைய சாதா பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை குறைவு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகக் குறைத்தது. புதுக் கேமைப் பழக்கும் பிரேக்-இன் ஆயில் என்று தனியாக வருவதையே ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி ஆயிலை ஏற்றும்போது வெறும் கம்பி உதவாது. டிஸ்ட்ரிபியூட்டர் உடல்தான் ஆயில் பாதையின் ஒரு சுவரே. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் கியரைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். பதினாறு ராக்கரிலும் ஆயில் தெரியும்வரை நடுநடுவே கிராங்கைத் திருப்ப வேண்டும்.

கார்புரேட்டர் பவுலில் பெட்ரோலை முன்பே ஊற்றி, ஸ்டேட்டிக் டைமிங் (இன்ஜின் ஓடாதபோது வைக்கும் தீப்பொறி நேரம்) 10-12 டிகிரி வைத்தால் உடனே பிடிக்கும். நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் அடித்தால் பேஸ்ட் வழித்துக்கொண்டு போய்விடும். பிடித்ததும் நேராக 2,000-2,500 ஆர்பிஎம், 20-30 நிமிடம், மேலும் கீழுமாக. ஐடில் வேண்டவே வேண்டாம்: கிராங்க் தெறிக்கும் ஆயில்தான் லோபுக்குக் கிடைப்பது, ஐடிலில் அது போதாது. ரேடியேட்டர் முன் ஒரு பெடஸ்டல் ஃபேன் வையுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிவந்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்று திருப்பினால் போதும். தண்ணீர் ஒழுகினால் அணைத்துவிட்டுச் சரிசெய்து, மீதி நேரத்தைத் தொடரலாம்.

முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் வெளியே. ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள்: பேஸ்டின் சாம்பல் சாயம் இயல்பு, காந்தத்தில் ஒட்டும் மினுக்குத் தூள் கொஞ்சத்துக்கு மேல் இருந்தால் மறுபடியும் டயல் கேஜ். இந்த 350-இல் காந்தம் சுத்தம். அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி, மொத்த டைமிங்கை 34-36 டிகிரிக்குள் கொண்டுவருவது.