‘வந்திருக்கலாம்’ போன இடம்

சேலத்தில் எம்.ஏ. வரலாறு மாணவர்களுக்கு வருடாவருடம் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து, சுருக்கி எழுதி வரச் சொல்வேன். பன்னிரண்டு பக்கம் ஒன்றரைப் பக்கமாக வேண்டும்.

இந்த வருடம் கொடுத்தது ஊர்ப்பெயர்கள் பற்றிய கட்டுரை. நாகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, சேர்வராயன் மலை என்று சுற்றிலும் மலை நிற்கிற ஊர் இது. மலையைக் குறிக்கும் ‘சைலம்’ என்ற வடசொல்லிலிருந்து சேலம் வந்திருக்கலாம் என்று எழுதியிருந்த ஆசிரியர், சேரரோடு இந்தப் பெயரைச் சேர்த்துப் பார்க்கும் கருத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார். ஒரு மாணவியின் தாளில் அது ஒரே வரி: “சைலம் என்பதே சேலம் ஆனது.” சேரரைக் காணவே காணோம்.

பிழையில்லாத நடை, அளவும் சரி. ஆனால் ஆசிரியர் சொல்லாததை அவர் தலையில் கட்டியாகிவிட்டது. நாளைக்கு இந்தச் சுருக்கத்தை மட்டும் படித்த ஒருவர் அவர் பெயரைப் போட்டு மேற்கோள் காட்டினால், அவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம்!

“சுருக்கச் சொன்னீங்களே சார், அதான் எடுத்துட்டேன்” என்றாள்.

“உதாரணத்தை எடு, கிளைக்கதையை எடு. அந்த ‘லாம்’ மேல மட்டும் கை வைக்காதம்மா.”

நானும் எம்.ஃபில். படிக்கும்போது இதே தவறைச் செய்தவன்தான். என் நெறியாளர் கற்றுத் தந்த வழியைத்தான் இன்றும் சொல்லித் தருகிறேன். இரண்டு முறை படி, மூலத்தை மூடிவிட்டு எழுது, அப்புறம் திறந்து வினைமுற்றுகளை மட்டும் ஒப்பிடு. தமிழில் வினை வாக்கியக் கடைசியில் வருவதால், களைத்த கண் அதற்கு முன்பே அடுத்த வரிக்குத் தாவிவிடும். ‘கருதுகிறார்’, ‘வாதிடுகிறார்’, ‘நிறுவுகிறார்’ மூன்றும் ஒன்றல்ல. சான்று காட்டி முடித்தவருக்குத்தான் ‘நிறுவுகிறார்’ என்ற சொல்.

தொல்காப்பிய மரபியல், முதல்நூலின் வழியில் எழுதப்படும் வழிநூலை நான்கு வகையாகச் சொல்லும்போது தொகுத்தலை, அதாவது சுருக்கிச் சொல்வதைத்தான் முதலில் வைக்கிறது. விரித்தல், மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். சுருக்கி எழுதுவதை எடுபிடி வேலையாக நினைப்பவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் திருத்திக் கொண்டுவந்தாள்: “சைலம் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆசிரியர் கருதுகிறார், சேரர் தொடர்பையும் அவர் மறுக்கவில்லை.” ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டி இரண்டு வரி கூடியிருந்தது. மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.