இடது கை: பங்குனி முதல் ஆனி வரை குறிப்புகள்

ஏப்ரல் 12

மார்பகப் புற்றுநோய் அறுவையில் இடது அக்குளின் நெறிகளை, அதாவது கையின் நீர் வடிந்து போகும் வழியிலிருக்கும் சிறு முடிச்சுகளை, எடுத்துவிட்டார்கள். கை வீங்குகிறதா என்று இனி அளந்துகொண்டே இருக்க வேண்டும். முழங்கைக்கு மேல் பத்து சென்டிமீட்டரில் சுற்றளவு இடது 27.8, வலது 28.1. மணிக்கட்டு இரண்டும் சமம். இனி இந்த எண்கள்தான் என் ஜாதகம்.

ஏப்ரல் 14

வேப்பம்பூப் பச்சடியைச் செய்ததோடு நில்லாமல் எனக்கு ஊட்டிவிடவும் அத்தை தயாராக இருந்தார். கை இருக்கிறது அத்தை, நெறிதான் இல்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 17

கை வீங்காமலிருக்கப் போடும் இறுக்கமான உறை வந்தது. ‘தோல் நிறம்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். யாருடைய தோலோ.

மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை ஒன்று. விரல்களை வெளியே விட்டு உள்ளங்கையைப் பிடிக்கும் கையுறை ஒன்று. மேலே உள்ளதை மட்டும் போட்டால் நீர் கீழே இறங்கிப் புறங்கை வீங்கக்கூடுமாம். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு எப்படி ஏற்றுவது என்று பிசியோதெரபிஸ்ட் காட்டினாள். விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. தடவித் தடவி மேலே நகர்த்த வேண்டும். மேல் விளிம்பு சுருண்டுகொண்டால் உடனே சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடமே நீரைத் தடுத்து நிறுத்திவிடும். மணிக்கட்டில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. பகலில் எட்டு மணி நேரம். தூங்கும்போது வேண்டாம். ரேடியேஷன் முடிந்து மூன்று மாதம் வரை.

வீங்காத கைக்கு எதற்கு என்று இவர் கேட்டார். வீங்கி நிலைத்துவிட்டால் பழையபடி ஆக்குவது கடினம் சார், அதனால்தான் என்றாள். அதன்பின் இவர் வாயைத் திறக்கவில்லை. பணம் கட்டும் இடத்தில் மட்டும் ஒரு பெருமூச்சு.

ஏப்ரல் 18

அரிக்கிறது.

ஏப்ரல் 23

தூக்கம் போயிற்று, கணக்கு வந்தது.

அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. புற்று முதலில் எட்டக்கூடிய நெறியை மட்டும் எடுத்துச் சோதித்து அதோடு நிறுத்தியவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். நான் மொத்தமாக எடுத்தவள். 2022இல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. 307 பெண்கள், பாதிப் பேருக்கு வீக்கம் வருமுன்பே உறை. ஓராண்டில் கையின் கன அளவு கூடியவர்கள், உறை போட்டவர்களில் 14 சதவீதம், போடாதவர்களில் 25.

தாளில் நூறு புள்ளி வைத்தேன். எழுபத்தைந்து பேருக்கு எதுவும் போடாவிட்டாலும் வராது. பதினான்கு பேருக்குப் போட்டாலும் வரும். நடுவில் பதினொரு புள்ளி. அந்தப் பதினொன்றுக்காக நூறு பேரும் சொறிந்துகொண்டிருக்கிறோம். நான் எந்தப் புள்ளி? கை இப்படியே இருந்துவிட்டால், உறை காத்த கையா, சும்மாவே வீங்காத கையா என்று எனக்கு யார் சொல்வார்கள்? மருந்து குடித்துக் காய்ச்சல் இறங்கினால் ஒரு திருப்தியாவது உண்டு.

மூன்று மணிக்கு இவர் எழுந்து, புள்ளி வைத்த தாளைப் பார்த்துவிட்டு, கோலமா என்றார்.

ஏப்ரல் 29

அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் ஒரு கம்பி ஓடுகிறது. கையைத் தூக்கினால் விண்ணென்று தெறிக்கிறது. இது வீக்கம் அல்ல, பலருக்கும் வருவதுதான், சுவரில் விரல் ஏற்றும் பயிற்சியை விடாதீர்கள் அக்கா என்றாள் பிசியோதெரபிஸ்ட். விடவில்லை.

மே 4

அக்னி நட்சத்திரம். மதியம் மின்சாரம் இல்லை. உறைக்குள் வியர்வை வழிய இடமில்லாமல் ஊறுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போடலாம் என்றால் எண்ணெய் பட்டால் நெகிழ்வு கெட்டுவிடுமாம். பிழியக் கூடாது, வெயிலில் உலர்த்தக் கூடாது. பட்டுப்புடவைக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை. இருப்பது ஒன்றுதான், இரவில் அலசிவிட்டு விடியற்காலையில் ஈரம் போயிற்றா என்று தொட்டுப் பார்க்கிறேன். இன்னொன்று வாங்க வேண்டும். இரண்டும் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும்.

மே 5

27.9.

மே 11

அத்தைக்குக் கும்பகோணம். சின்ன வயதில் யானைக்கால் நோய்க்கு ராத்திரியில் வீடு வீடாக வந்து ரத்தம் எடுப்பார்களாம். அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்துக்கு வரும். பக்கத்து வீட்டு மாமாவின் காலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். இதில் புழு கிடையாது அத்தை, நீர் போகிற பாதையையே அறுத்து எடுத்துவிட்டார்கள் என்றேன். சரி சரி என்றவர், ராத்திரி என் கட்டிலுக்குக் கொசுவலை கட்டிவைத்திருந்தார்.

மே 19

28.4. இருபத்தெட்டு புள்ளி நான்கு.

மே 20

மகள் அளந்தாள், 27.9. இவர் அளந்தார், 27.5, இவர் டேப்பை இழுத்துப் பிடிக்கிற பிடியில் கை நீலம் பாரிக்கிறது. பிசியோதெரபிஸ்டுக்கு போன் செய்தேன். ஒரே ஆள், ஒரே நேரம், வாரத்தில் ஒரு நாள் அளந்தால் போதும் என்றாள். இரண்டு சென்டிமீட்டர் கூடினால்தான் கவலையாம். அதற்கு முன்பே கை கனக்கும், வளையல் பிடிக்கும், அதைக் கவனியுங்கள் என்றாள். கனக்கிறதா என்று யோசித்தால் கனக்கத்தான் செய்கிறது.

மே 26

தையல்காரர் பாய் எதுவும் கேட்கவில்லை. ரவிக்கையின் இடது கைக்கு மட்டும் அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தளர்த்தி, முழங்கை வரை நீட்டித் தருகிறேன் அம்மா, வலதையும் அதே நீளத்துக்கு வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார். இத்தனை பேருக்கு நடுவில் விளக்கம் கேட்காத ஒரே மனிதர்.

ஜூன் 9

கல்யாணம். போட்டோவுக்காக அந்தச் சாக்ஸைக் கொஞ்சம் கழற்றிவிடேன் என்றாள் நாத்தனார். கழற்றவில்லை. எல்லா போட்டோவிலும் எனக்கு இரண்டு நிறக் கை.

ஜூன் 13

ரேடியேஷன் முடிந்தது. அக்குள் கறுத்து எரிகிறது. உறையின் விளிம்பு அங்கேதான் வந்து உட்காருகிறது. புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 16

கொசுவலைக்குள்ளேயே கொசு. புறங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. சிவப்பு பரவினாலோ, சுட்டாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் அன்றே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பேனாவால் சுற்றிலும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 17

கோட்டைத் தாண்டவில்லை. காய்ச்சல் இல்லை. அத்தை கொசுவலையைப் பிரித்து ஓட்டை தேடுகிறார்.

ஜூன் 20

இரண்டாவது உறை வந்தது. அளவு ஒன்று பெரியது. நாளை திருப்பி அனுப்ப வேண்டும்.