பத்து-பதினொண்ணு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கார் லிஃப்டில் ஏறி நின்றது. இந்தப் பக்கம் நான், அட்டை டம்ளரில் காபியோடு.

டொராண்டோவில் ஸ்கார்பரோவுக்குக் குடிவந்த இரண்டாவது வருடம், நவம்பர் மாதம். பழைய கொரோலா; பிரேக்கை மிதித்தால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். வண்டி உள்ளே போனது, நானும் பின்னாலேயே போனேன். வேறெங்கே போவது? நம் ஊரில் வண்டியை விட்டால் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும், மெக்கானிக்குக்கும் சேர்த்து டீ சொல்ல வேண்டும், "அண்ணே, அப்படியே அந்தச் செயினையும் பாத்துருங்க" என்று நடுநடுவே தொந்தரவு பண்ண வேண்டும். இங்கே ஒரு பையன் ஓடிவந்து மறித்தான். மரியாதையாகத்தான். வாடிக்கையாளர் உள்ளே நிற்கக் கூடாதாம், இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாதாம். போய் உட்காருங்கள், காபி இருக்கிறது என்றான்.

அரை மணி நேரம் கழித்து வந்து, டேப்லெட்டில் என் பிரேக் பேடின் போட்டோவைக் காட்டினான். 3 மில்லிமீட்டர்தான் மிச்சம், டிஸ்கும் தேய்ந்துவிட்டது, எல்லாம் சேர்த்து வரியோடு அறுநூற்றுச் சொச்சம் டாலர். "அந்தப் பேடை ஒருதரம் கையில் வாங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவன் இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினான்.

அறுநூறு டாலரை விட அந்த இரண்டு விரல்தான் எனக்கு உறைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிறீச் கிறீச் என்று வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் என் மாமா டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கழற்றின பழைய சாமானை முதலில் வண்டிக்காரர் கையில் வைப்பார். "பாருங்க, எப்பிடித் தேஞ்சு கெடக்குன்னு." அவரும் கிளட்ச் பிளேட்டைத் தடவிப் பார்த்து, ஒன்றும் புரியாவிட்டாலும் தலையை ஆட்டுவார். அதற்கப்புறம்தான் காசுப் பேச்சு.

முழுப்பரீட்சை லீவு பூராவும் நான் அந்தக் கடையில்தான் கிடப்பேன். எனக்கு ஒரே வேலை. குந்தி உட்கார்ந்திருக்கும் மாமா, எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையைப் பின்னால் நீட்டுவார். "மாப்ள, பத்து-பதினொண்ணு." எடுத்து அந்தக் கையில் வைக்க வேண்டும். நம் ஊர் ஸ்பானர்கள், ஒரு முனைக்கு ஓர் அளவாக, ஜோடி ஜோடியாகப் பிறந்தவை: ஆறு-ஏழு, எட்டு-ஒம்போது, பத்து-பதினொண்ணு, பன்னெண்டு-பதிமூணு, பதினாலு-பதினஞ்சு. ஏழாம் வாய்ப்பாடு வருவதற்கு முன்பே எனக்கு இது வந்துவிட்டது. தப்பான ஜோடியைக் கொடுத்தால் போன வேகத்திலேயே திரும்பி வரும். குனியத் தெரிந்திருக்க வேண்டும்.

மாமாவின் எல்லா ஸ்பானரிலும் நடுத்தண்டில் பச்சைப் பெயின்ட் ஒரு பட்டை. அடையாளத்துக்கு. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், எதிர் லேத்துப் பட்டறை, மாடியில் தண்ணி மோட்டார் ரிப்பேர் பார்க்கிற வாத்தியார் என்று எல்லோரும் "ஒரு நிமிஷம் குடு" என்று வாங்கிப் போவார்கள். அந்த நிமிஷம் சில சமயம் ஒரு வருஷம் நீளும். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் குவியலில் தன் பச்சைப் பட்டையைத் தானே பார்த்து, பேரம் பேசிக் காசு கொடுத்து மீட்டு வந்திருக்கிறார் மாமா. கேட்டால், "நம்ம சாமான்னு சொன்னா வெலைய ஏத்திருவான்" என்பார்.

நான் கிளம்பும்போது 23 கிலோப் பெட்டியில் புளிக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவே, ஒரு பழைய பனியனில் சுற்றி, பச்சைப் பட்டை போட்ட பத்து-பதினொண்ணு ஒன்று வந்தது. மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழு செட்டையே தூக்கிக் கொடுத்திருப்பார். அடுத்த வாரம் போனில் அம்மா, "அங்க கடைப் பையனுக்கு ஏதோ ஸ்பானரைத் தொலைச்சுட்டான்னு ஒரே திட்டாம்" என்றாள். நான் உடனே மழை பெய்ததா என்று கேட்டேன்.

சரி, பிரேக்குக்கு வருவோம். ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு காரை என்ன செய்வது? கடைக்குப் போய், போல்ட் தலையில் தொப்பி மாதிரி மாட்டித் திருகுகிற சாக்கெட்டுகள், 200 பீஸ் பெட்டி ஒன்று வாங்கினேன். 200 என்றதும் ஏதோ பரம்பரைச் சொத்து கைக்கு வந்த மாதிரி இருந்தது. வீட்டில் எண்ணிப் பார்த்தால் பாதிக்குப் பாதி அங்குலக் கணக்கு. கொரோலாவில் மருந்துக்கும் அங்குல போல்ட் கிடையாது. மிச்சத்தில் திருகு பிட்டுகளே ஒரு கூடை. மூன்று வாரம் கழித்து அதே பெட்டி எழுபது சதவீதத் தள்ளுபடியில் விளம்பரத் தாளில் வந்தது. இந்த ஊரில் சாக்கெட் செட்டை முழு விலை கொடுத்து வாங்குகிறவன் புதிதாக விமானம் இறங்கினவன் மட்டும்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

நாங்கள் பேஸ்மென்ட்டில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே இருக்கிறார். வாசலில் வைத்துக் கார் வேலை பார்க்கலாமா என்று கேட்டேன். "செய்யும் தம்பி, ஆனா ஒயில் ஒண்டும் ஊத்துப்படாமப் பாத்துக்கொள்ளும். எந்தச் சில்லு?" என்றார். எனக்குச் சில்லு என்றால் பாண்டி ஆட்டத்தில் எறிகிற ஓட்டுத் துண்டு. ஒரு நிமிடம் முழித்துவிட்டு, முன் சக்கரம் இரண்டும் என்றேன். உள்ளே போனவர் ஒரு கட்டு நோட்டோடு வந்தார். ரூபாய் நோட்டு மாதிரியே அச்சடித்த கனடியன் டயர் கடைக் காசு. 1958-லிருந்து வாங்குகிறவர்களுக்குச் சலுகையாகக் கொடுத்து வந்தார்களாம். ஐந்து காசு, பத்து காசு, ஐம்பது காசு என்று. எண்ணினால் நாலு டாலர் கூடத் தேறாது. "சாமான் வாங்க வைச்சுக்கொள்ளும்" என்றார். இன்னும் செலவழிக்கவில்லை.

பிரேக் பேட் மாற்றுவது பெரிய வித்தையில்லை. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது), சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளை டிஸ்கில் அமுக்குகிற காலிப்பருக்கு இரண்டு பதினாலு போல்ட். டிஸ்கையும் மாற்றுவதென்றால் பின்னால் அதைத் தாங்கும் பிராக்கெட்டில் இரண்டு பதினேழு. சுத்தமான ஊரில் ஒரு மணி நேர வேலை. இது உப்பு ஊர். பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டி, அது உருகி, வண்டியின் அடிவயிற்றில் ஒவ்வொரு மரைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாமா கடையில் இருபது வருட டிவிஎஸ் 50-யில் கூட இப்படித் துருவைப் பார்த்ததில்லை. நட்டுகளைக் கழற்றின பிறகும் சக்கரம் வரவில்லை. டயரைக் காலால் உதைத்தேன், அப்புறம் மறுபக்கம் உதைத்தேன். ஐந்தாவது உதையில், என்னவோ மனம் மாறின மாதிரி, கழன்று வந்தது.

பதினாலு இரண்டும் வந்தன. பதினேழு வரவில்லை. துரு இளக்குகிற எண்ணெயை அடித்துவிட்டு கால் மணி நேரம் காத்திருந்தேன். சுத்தியலால் போல்ட் தலையில் நாலு தட்டு. மறுபடி எண்ணெய். மேலே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது, நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் ராத்திரி. அட்டைப்பெட்டியை விரித்து ஒருக்களித்துப் படுத்து, போல்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், என்னை அறியாமல் வலது கையைப் பின்னால் நீட்டினேன். வாய்விட்டுக் கேட்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. உள்ளங்கையில் இரண்டு துளி தூறல் விழுந்தது.

எழுந்துபோய் நானே எடுத்தேன். அரை மீட்டர் நீளத் தண்டு, பிரேக்கர் பார் என்பார்கள். மாமா இதற்கெல்லாம் தனியாகக் காசு கொடுக்க மாட்டார், ஸ்பானரில் ஜி.ஐ. பைப்பைச் சொருகிவிடுவார். மொத்த எடையையும் போட்டு அமுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் இளகினாலும் அதே சத்தம்தான், உடைந்தாலும் அதே சத்தம்தான். மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். மரையிலிருந்து செம்மண் மாதிரி துரு உதிர்ந்து, போல்ட் முழுசாக வந்தது. தேய்ந்த பேடைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன். 3 மில்லிமீட்டர். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை.

மனைவி கணக்குப் போட்டாள். பேடும் டிஸ்கும் நூற்றெழுபது, சாக்கெட் பெட்டி, ஸ்டாண்டு, ஜாக்கி, நீளத் தண்டு, எண்ணெய். மிச்சம் பிடித்தது எண்பது டாலரும், ஒரு வாரம் குனிய முடியாத இடுப்பும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாமான் ஆசை பிடித்தால் அது ஒரு பதினேழு போல்ட். கோடையில் சனிக்கிழமை காலை வீட்டு வாசல்களில் போடுகிற பழைய சாமான் விற்பனைக்கு எல்லாம் போக ஆரம்பித்தேன்; திலகர் திடலைத் துண்டு துண்டாக வெட்டித் தெருவுக்குத் தெரு வைத்த மாதிரி, ஆனால் சத்தம் இல்லாமல். கறுத்துப்போன கைப்பிடிச் சுத்தியல் ஒன்று இரண்டு டாலருக்கு. ராபர்ட்சன் திருப்புளிகள் ஒரு கத்தை. அதற்கு மட்டும் மாமாவிடம் ஜோடி கிடையாது. தலையில் சதுரக் குழி வைத்த திருகு அது. இங்கேயே ஒன்டாரியோக்காரர் பி.எல். ராபர்ட்சன் 1908-ல் கண்டுபிடித்தது. சாதாரணத் திருப்புளி வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட பிறகு யோசித்தாராம். கைப்பிடி நிறத்தை வைத்தே அளவு சொல்லலாம்: மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு. ஃபோர்டு கம்பெனியின் கனடா ஆலையில் இதை வைத்துத்தான் கார் பூட்டினார்கள். ஹென்றி ஃபோர்டு உரிமையைத் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்த்தபோது, மனுஷன் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு கையால் திருகைத் திருப்புளி நுனியில் குத்தித் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. ஆள் துணை இல்லாமல் வேலை செய்கிறவனுக்கென்றே செய்த சாமான்.

அப்புறம் டார்க் ரெஞ்ச். கொரோலாவின் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அளவைத் திருகி வைத்துவிட்டு முறுக்கினால், அந்த இடம் வந்ததும் 'கிளிக்' என்று கையில் ஒரு சின்ன உதறல். மாமாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "நட்டு இறுகிருச்சுன்னு சாமான் சொல்லுதாக்கும்? ஒன் கை என்ன பண்ணுது?" என்றார்.

இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை பனிக்கால டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது எல்லாம் நானே. நானும் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வசந்தத்தில் வீட்டுக்காரர் கீழே வந்து, "தம்பி, சில்லு நட் கழருதில்லை, உம்மட அந்த நீளக் கம்பியைத் தாருமன்" என்றார். வந்து இத்தனை வருடத்தில் ஒருத்தர் என்னிடம் சாமான் இரவல் கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்த கையோடு, மனைவியின் சிவப்பு நகச்சாயத்தை எடுத்து மிச்ச சாமான் எல்லாவற்றிலும் ஒரு பட்டை போட உட்கார்ந்துவிட்டேன். "யார் திருடிட்டுப் போகப் போறாங்க?" என்றாள். இருபது சாமான் கூட முடியவில்லை, கம்பி திரும்பி வந்துவிட்டது. துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, கூடவே நாலு மட்டன் ரோல்ஸ். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆரப்பாளையத்தில் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தால், என்ன, நமக்குள்ளே ஏதும் மனஸ்தாபமா என்பார்கள்.

ஆயுதபூஜைக்குக் காலை எட்டு மணிக்குப் பெட்டித் தட்டுகளை எல்லாம் இழுத்துத் துடைத்தேன். பனியன் வேஸ்ட் இல்லை. நீலக் காகிதத் துண்டுதான், எண்ணெயைக் குடிக்காமல் தடவிவிடுகிறது. டார்க் ரெஞ்சுக்குச் சந்தனம், குங்குமம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். ஹாலோவீனுக்காகத் தெருவில் வாசலுக்கு வாசல் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது, ஒருத்தரும் உடைக்கிறதில்லை. மாமாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் ஐந்தரை, கடையில் பொரி, கடலை, ஊதுபத்திப் புகை. போனைப் பெட்டிமேல் ஓட்டிக் காட்டினேன். முதல் தட்டு, இரண்டாவது தட்டு. "யப்பா, லேத்துப் பட்டறையே வச்சிருக்கியேடா" என்று சிரித்தார். மூன்றாவது தட்டைத் திறந்தவன் சட்டென்று மூடினேன்.

"இரு. இரு மாப்ள. அதைத் தெற."

திறந்தேன்.

"அந்த ஓரத்துல, பச்சையா என்னது அது?"

"செட்டோட வந்தது மாமா."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. போனைத் தாழ்த்தினார் போல. கடையின் தகரக் கூரை தெரிந்தது. குரல் மட்டும் கேட்டது. "டேய், அந்தப் பத்து-பதினொண்ணு கெடச்சிருச்சுடா. கனடால கெடக்கு."