பதினொன்றரை மணி போன்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்த வருடம். கடைசி பெஞ்சில் ஒரு பையனுக்கு முதல் பீரியடிலேயே தலை தொங்கிவிடும். எழுப்பினால் முறைப்பான். ஒருநாள் ஸ்கேலை எடுத்ததற்காகப் பக்கத்துப் பையனின் சட்டையைப் பிடித்துவிட்டான். அன்று சாயங்காலமே சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தான்.

போன்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். வாத்தியார்களுக்கு அது ஒரு வசதி. அவன் அம்மாவை வரவழைத்து, "ராத்திரியில போனை வாங்கி வச்சிடுங்கம்மா" என்றேன். மாந்தோப்பு வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தவர் தயங்கிச் சொன்னார்: "அவங்கப்பா கூப்பிடறதே பதினொன்றரைக்குத்தாங்க சார்."

அப்பாவுக்கு ஓசூர் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட். ரூமுக்கு வந்ததும் கூப்பிடுவார். மார்க்கில் தொடங்கும் பேச்சு திட்டில் முடியும். அப்புறம் எங்கே தூக்கம்? ஐந்து மணிக்கு எழுந்தால்தான் டவுன் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணி சிறப்பு வகுப்புக்கு வர முடியும். அந்த வகுப்பை வைத்தவன் நான்தான்.

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவனுக்கு ஐந்து தேறாது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் பதின்ம வயதில் தாமதமாகத்தான் சுரக்கிறது. சீக்கிரம் படுத்தாலும் கண் அசராது. மனசை ஆற்றிக்கொடுக்கும் கனவுத் தூக்கமோ விடியற்காலையில்தான் அதிகம். என் சிறப்பு வகுப்பு கைவைத்தது சரியாக அங்கேதான்.

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைப் படித்தேன். 10 மணிக்குள் படுக்கச் சொல்லும் வீடுகளைவிட, நள்ளிரவு வரை விட்டுவிடும் வீடுகளின் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 24 சதவீதம் அதிகமாம். சரி, படுக்கச் சொல்வதற்கு அப்பா வீட்டில் இருக்க வேண்டுமே!

சிறப்பு வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். அப்பாவிடம் போனில் பேசி, ராத்திரிச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடச் சொன்னேன். "பத்து நிமிஷந்தான் கிடைக்கும் சார்" என்றார்.

"போதுங்க. மார்க்கை மட்டும் கேக்காதீங்க."

அதன் பிறகும் சில நாள் தூங்கி வழிந்தான். ஆனால் எழுப்பினால் முறைக்கவில்லை. மாதக் கடைசியில், அப்பா என்னதான் பேசுகிறார் என்று கேட்டேன்.

"கேன்டீன்ல இன்னைக்கு என்ன குழம்புன்னு சொல்வாரு சார். நல்லாவே இருக்காதாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.